நடுத்தகடு

காரில் ஏறியதிலிருந்து அப்பா சீட் பெல்ட்டை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தார். மாட்டினால் மூச்சு முட்டுகிறதாம். கழற்றினால் வண்டி கீச் கீச்சென்று கத்தத் தொடங்கிவிடுகிறது. அவர் மகளான எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கொஞ்சம் குறைவு.

"ஒண்ணு மாட்டுங்க, இல்ல பின்னாடி போய் உக்காருங்கப்பா. இந்தச் சத்தத்துல எனக்கு மண்டை வெடிக்குது."

"பின்னாடி உக்கார மாட்டேன்."

"தெரியும். ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

எனக்கு நினைவு தெரிந்து அப்பா எந்த வண்டியிலும் பின் இருக்கையில் உட்கார்ந்தது கிடையாது. பஸ்ஸில் இடம் காலியாக இருந்தாலும் ஓட்டுநர் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வருவார். நடத்துநர் திட்டுவார். அதை ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிடுவார். ஆனால் இளவயதில் அவர் பார்த்த வேலையே பின் இருக்கை வேலைதான். போர்க்காலத்தில், இரண்டே பேர் ஏறும் சின்ன விமானத்தில், முன்னால் விமானி, பின்னால் அப்பா. விமானிக்கு முதுகைக் காட்டி, வாலைப் பார்த்தபடி துப்பாக்கியோடு உட்கார வேண்டும். அதனால் படையில் அவர் பெயர் வால். விமானியின் பெயர் சுருட்டை, தலைமுடியால் வந்தது. பெற்றவர்கள் வைத்த பெயரெல்லாம் சம்பளத்தன்று கூப்பிடுவதற்கு மட்டும்தான்.

அவர்கள் செய்த காரியங்களைக் கேட்டால் இன்றைக்கும் எனக்குக் கோபம்தான் வரும். பாலத்தின்மேல் குண்டு போடு என்றால், சுருட்டை பாலத்துக்கு அடியில் நுழைந்து வெளியே வந்து, திரும்பிப் போய்க் குண்டு போடுவாராம். மரத்தின் உச்சிக்கிளை சக்கரத்தில் மாட்டிக்கொண்டு தளத்துக்கு வந்து சேர்ந்ததும் உண்டு. என் டிரைவிங் ஸ்கூலில் எவனாவது இப்படி வண்டி ஓட்டினால் காதைத் திருகி இறக்கி விட்டிருப்பேன். ஊர் இவர்களுக்குப் பதக்கம் கொடுத்தது.

டிரைவிங் ஸ்கூல் என்று சொன்னேன் அல்லவா, நாங்கள் போய்க்கொண்டிருந்த வண்டியும் அதனுடையதுதான். கற்றுக்கொடுக்கிறவர் காலடியில் இன்னொரு பிரேக் இருக்கும். அந்த இடத்தில்தான் அன்று அப்பா உட்கார்ந்திருந்தார். தோள் இறங்கிய வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். சுருட்டையின் தங்கை, தையல் கடை வைத்திருந்தவர், வருடத்துக்கு ஒரு சட்டை அவருக்குத் தைத்து அனுப்புவார். அளவு கேட்டதே இல்லை. அது அவர் அண்ணனின் அளவு. சுருட்டைக்கு அகன்ற தோள், அப்பாவுக்கு அப்படி இல்லை. அப்பாவும் ஒருமுறைகூட அதைப் பிடித்துத் தைக்கச் சொன்னது கிடையாது.

நாங்கள் போகிற விழா மாலையில்தான். போன வருடம் பெரிய ஏரியைத் தூர் வாரியபோது சேற்றுக்குள்ளிருந்து, சுருட்டையோடு அதில் விழுந்த அந்த விமானம் கிடைத்தது. சுருட்டையின் உடல் அந்தக் காலத்திலேயே கரை ஒதுங்கிவிட்டது. விமானம் மட்டும் அறுபது வருடத்துக்கு மேல் அடியில் கிடந்திருக்கிறது. அருங்காட்சியகம் அதைச் செப்பனிட்டு இன்று திறந்து வைக்கிறது. மிச்சமிருக்கும் பழைய வீரர்கள் வருவார்கள், அப்பா மேடையில் பேசுவார். இதற்கு மத்தியானம் கிளம்பினால் போதும். அப்பாவோ விடிந்ததும் விடியாததுமாகச் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறார்.

விமானம் கிடைத்த செய்தி வந்த நாளிலிருந்தே அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. முன்பும் ஒன்றும் சாதுவாக உட்கார்ந்திருக்கிற ஆள் இல்லை. சாப்பிடும்போதே பாதியில் எழுந்து ஒரு சுற்று நடந்துவிட்டு வருவார். வீடு மாறிக்கொண்டே இருப்பார். "கழுத்தை நீட்டினது ஒரு மனுஷனுக்குன்னு நெனச்சேன், பம்பரத்துக்குன்னு யாரும் சொல்லல" என்று அம்மா சொல்லிச் சிரிப்பாள். கடைசி வருடங்களில் அதைச் சிரிக்காமல் சொன்னாள். அவள் போனபிறகு அந்தப் பம்பரம் என் வீட்டுக் கூடத்தில் சுற்றுகிறது.

நெடுஞ்சாலையில் எங்களுக்கு முன்னால் ஜல்லி ஏற்றிய லாரி ஒன்று போய்க்கொண்டிருந்தது. தார்ப்பாய் சரியாகக் கட்டவில்லை. முந்திப் போகலாம் என்று நான் கண்ணாடியைப் பார்த்த நேரத்தில் கற்கள் சில உருண்டு விழுந்து எங்கள் வண்டியின் அடியில் அடித்தன. டக், டக், டக்.

அடுத்த நொடி வண்டி குலுங்கி நின்றது. அப்பா தன் காலடியில் இருந்த பிரேக்கை இரண்டு காலாலும் மிதித்திருந்தார். பின்னால் வந்த கார் ஹாரனை அலறவிட்டபடி எங்களை உரசிக்கொண்டு ஒதுங்கிப் போனது. அதை ஓட்டியவன் தலையை நீட்டி, "வீட்டுல சொல்லிட்டு வந்தியா?" என்று கத்தினான். நான் திருப்பிக் கத்தியதை இங்கே எழுத முடியாது.

வண்டியை ஓரங்கட்டினேன்.

"என் வண்டியில எனக்கே பிரேக்காப்பா? செத்திருப்போம் ரெண்டு பேரும்!"

அவர் பிரேக்கிலிருந்து இன்னும் காலை எடுக்கவில்லை. "தட்டின மாதிரி இருந்துச்சு" என்றார்.

"யாரு தட்டினா? கல்லுப்பா. லாரியிலேர்ந்து விழுந்த கல்லு!"

"அதான்" என்றார். "அதேதான்."

அவர் சொன்னது புரிய வேண்டுமென்றால், ஊருக்கே தெரிந்த கதையை நானும் ஒருமுறை சொல்லியாக வேண்டும். அந்த விமானத்தில் விமானிக்கும் பின்னால் இருப்பவருக்கும் நடுவில் ஒரு தகடு. நடுத்தகடு என்பார்கள். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. பேச ஒரு கம்பி உண்டு. அது அறுந்துபோனால் தகட்டைத் தட்டிப் பேச வேண்டியதுதான். ஒரு தட்டு என்றால் 'இருக்கியா?' இரண்டு தட்டு என்றால் 'திரும்பறேன், பிடிச்சுக்கோ.' மூன்று தட்டு என்றால் 'குதி.' முதல் இரண்டுக்கும் பதில் தட்ட வேண்டும். மூன்றுக்குப் பதில் கிடையாது. பதில் தட்டுகிற நேரத்தில் வெளியே போயிருக்க வேண்டும் என்பது விதி.

கடைசிப் பயணத்தில் அடி வாங்கித் திரும்பிக்கொண்டிருந்தார்கள். கம்பி அறுந்துவிட்டது. இயந்திரத்தில் தீ. சுருட்டை மூன்று முறை தட்டினார், அப்பா பாராசூட் குடையோடு குதித்தார். சுருட்டை குதிக்கவில்லை. எரிகிற விமானம் ஊர்மேல் விழாமல் ஏரிப் பக்கம் திருப்பிக்கொண்டு போய்த் தானும் அதோடு போனார். பின்னால் இருந்தவனை முதலில் அனுப்பிவிட்டுச் செத்த வீரர். இதுதான் கதை. பதக்கமும் தெருப்பெயரும் எல்லாம் இதற்குத்தான். அப்பா வருடா வருடம் மேடையில் சொல்வதும் இதுதான். எனக்கு மனப்பாடம்.

"அன்னிக்கு மூணு சத்தம் கேட்டுச்சு" என்றார் அப்பா. லாரி போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவன் தட்டின சத்தமா, தகட்டுல குண்டு பட்ட சத்தமான்னு எனக்குத் தெரியாது."

நான் இயந்திரத்தை அணைத்தேன்.

"வருஷா வருஷம் மைக்கைப் பிடிச்சுச் சொல்றீங்களேப்பா?"

"அவங்கம்மா கேட்டாங்க." அவர் முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். அன்று உடைந்த கால் அது. "ஆஸ்பத்திரியிலேர்ந்து நேரா அவங்க வீட்டுக்குத்தான் போனேன். 'எம்புள்ள கடைசியா உங்கிட்ட என்னப்பா சொன்னான்'னு கேட்டாங்க. முகத்தைப் பாத்தேன். குதின்னு சொன்னாம்மா, மூணு தடவ தட்டினான், என்னை அனுப்பிட்டுத்தான் போனான்னு சொல்லிட்டேன். அழுகை நின்னுடுச்சு. தங்கச்சி அப்ப சின்னப் பொண்ணு, தண்ணி கொண்டுவந்து குடுத்துச்சு. அதுக்கப்புறம் எப்படி மாத்திச் சொல்றது?"

எனக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். இத்தனை வருடம் கூடத்தில் நடந்த நடை, மாறிய வீடுகள், அம்மா இழந்த தூக்கம், எல்லாம் இதற்குத்தானா? அதை விழுங்கிக்கொண்டு எனக்குத் தெரிந்த பாஷையில் பேசினேன். நான் டேஷ்போர்டை ஓங்கித் தட்டினால் மாணவர்கள் யோசிக்காமல் பிரேக் போட வேண்டும். அதை நான் எத்தனை கறாராகப் பழக்குவேன் என்றால், பசங்க எனக்கு டமால் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

"சரி, குண்டாவே இருக்கட்டும். உங்களுக்குப் பழக்கினது அது. தட்டினா குதி. சத்தம் கேட்டுச்சு, குதிச்சீங்க. யோசிச்சிருந்தா கருகியிருப்பீங்க. இதுல உங்க தப்பு எங்க இருக்கு?"

"நீ தட்டாம உன் பசங்க நடுரோட்டுல பிரேக் போட்டா தட்டிக்குடுப்பியா?"

"மாட்டேன்" என்றேன். என் வாய் எப்போதும் எனக்கு முன்னால் போய்விடும்.

"அதான்."

பிறகு அவரே சொன்னார்.

"குதிச்சதுகூடப் பரவாயில்ல. நான் குடையில தொங்கிட்டு பாத்தேன். அவன் குதிக்கல. ஏரியைச் சுத்தி ஒரு வட்டம் போட்டான். ஊர்மேல விழக்கூடாதுன்னு போட்டான்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்குத் தெரியும், அது இறக்கறதுக்குப் போடற வட்டம். தண்ணிமேல வயித்தைத் தேய்ச்சு இறக்கிடலாம்னு பாத்திருக்கான். தனியாளா இருக்கோம்னு தெரிஞ்சிருந்தா அவன் எதுக்கு அந்த வேலை பண்றான்? குடையை மாட்டிட்டுக் குதிச்சிருப்பான். என்னைவிடக் கெட்டிக்காரன்." சீட் பெல்ட்டைக் கழற்றினார். "தட்டியிருந்தா, நான் போயிட்டேன்னு அவனுக்குத் தெரியும். தட்டலன்னா, பின்னாடி நான் இருக்கேன்னு நெனச்சுக்கிட்டே இறக்கப் பாத்திருக்கான். காலி சீட்டுக்காகச் செத்திருக்கான்."

வெயில் கண்ணாடி வழியாக மடியில் விழுந்துகொண்டிருந்தது. நான் மறுபடி சாவியில் கை வைத்தேன்.

"இப்ப என்ன பண்ணணும்கறீங்க?"

"தகட்டைப் பாக்கணும். குண்டு பட்டிருந்தா ஓட்டை இருக்கும். இல்லன்னா இருக்காது. அவ்வளவுதான். கூட்டம் வர்றதுக்கு முன்னாடி பாத்துடணும். பாத்துட்டுத்தான் மேடை ஏறுவேன்."

அதற்குப் பிறகு நான் வண்டியை ஓட்டிய வேகத்துக்கு என் மாணவனாக இருந்தால் என்னையே இறக்கி விட்டிருப்பேன்.

அருங்காட்சியகத்துக்குப் பின்புறம் உயரமான தகரக் கொட்டகை. உள்ளே பெயின்ட் வாடை மூக்கை அடைத்தது. ஒரு பக்கம் நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள், இன்னொரு பக்கம் மைக்கை ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் அந்த விமானம் புது வாளி மாதிரி பளபளத்துக்கொண்டு நின்றது. சேற்றில் அறுபது வருடம் கிடந்த பொருள் இப்படி மினுங்கக் கூடாது.

அதைச் செப்பனிட்ட பட்டறைக்காரர் ஓடி வந்தார். ஐம்பது வயதிருக்கும், புருவத்தில்கூடப் பெயின்ட் பொடி. அப்பா யார் என்று தெரிந்ததும் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

"சார், இதுல பறந்தவரு நீங்களா! தொட்டுப் பாருங்க சார். நாங்க எடுத்தப்ப இது விமானமே இல்ல, சேத்து உருண்டை. ராவும் பகலுமா உக்காந்து பண்ணினேன். வீட்டுல என்னை மறந்தே போயிட்டாங்க."

அப்பா அவர் பேச்சைக் கேட்கவில்லை. ஏணியில் கால் வைத்துவிட்டார். "அப்பா, மெதுவா! விழுந்து கிழுந்து வைக்காதீங்க!" என்று நான் கத்தியதையும் கேட்கவில்லை. நானும் பட்டறைக்காரரும் ஆளுக்கொரு பக்கம் தாங்க, ஏறி, உடலைக் குறுக்கி, உள்ளே இறங்கினார். பின் இருக்கையில் அப்பா உட்கார்ந்ததை என் வாழ்நாளில் அன்றுதான் பார்த்தேன். சிரமப்பட்டு உடம்பைத் திருப்பி, முதுகுக்குப் பின்னால் இருந்த தகட்டில் உள்ளங்கையை வைத்தார்.

வழவழவென்று இருந்தது. சாம்பல் நிறப் பூச்சு. ஒரு மேடு பள்ளம் இல்லை.

"இது புதுத் தகடா?" என்றார்.

"அதே தகடுதான் சார்! எதையும் நாங்க மாத்தல. ஒட்டுப் போட்டு, பூசி, தேய்ச்சு, மறுபடி பூசி..." பட்டறைக்காரர் நெஞ்சை நிமிர்த்தினார். "ஒரே ஒரு கீறல் காட்டுங்க, நான் இந்தத் தொழிலையே விட்டுடறேன்."

"இதுல ஓட்டை இருந்துச்சா?"

"ஓட்டைக்கா பஞ்சம்? உடம்பு பூரா சல்லடை சார்."

"இந்தத் தகட்டுல. இதுல இருந்துச்சா?"

பட்டறைக்காரர் தலையைச் சொறிந்தார். "தனியா இதுலன்னு கேட்டா... எத்தனை தகடு சார், எல்லாத்தையும் கழட்டி வரிசையா போட்டு வேலை பாத்தோம். ஓட்டையைக் கண்டா அடைச்சுக்கிட்டே போனோம்."

"அரிச்ச ஓட்டையா, குண்டு துளைச்ச ஓட்டையா?"

"அடைக்கறவனுக்கு ரெண்டும் ஒண்ணுதானே சார்."

"போட்டோ எடுக்கலையா?" இது நான்.

"எடுத்தோம்மா. வெளிப்பக்கம் நிறைய எடுத்தோம். உள்ளதான் சேறு அடைஞ்சு கிடந்துச்சே." எங்கள் முகங்களைப் பார்த்து அவர் குரல் இறங்கியது. "ஏம்மா, எதாவது தப்பாயிடுச்சா?"

அந்த மனிதர்மேல் பாய்ந்து பிறாண்ட வேண்டும் போல இருந்தது. உயிரைக் கொடுத்து உழைத்திருக்கிறார். அப்பாவுக்குத் தேவையாக இருந்த ஒரே ஒரு பொருளை அன்போடு தேய்த்தே அழித்திருக்கிறார். யாரைத் திட்டுவது? வீரர்களை நினைவில் வைக்கிறோம் என்று ஊரே சேர்ந்து செய்கிற காரியம் இதுதானே. பூசி மெழுகுவது.

அப்பா இறங்கவில்லை. உடம்பைத் திருப்பிய வாக்கிலேயே, கண்ணை மூடி, விரல் நுனியால் அந்தத் தகட்டை மேலிருந்து கீழாகத் தடவிக்கொண்டிருந்தார். முடிந்ததும் மறுபடியும் மேலிருந்து. பூச்சுக்கு அடியில் ஒரு மேடாவது தட்டுப்படாதா என்று தேடினார். எண்பது வயதைத் தாண்டிய முதுகு எவ்வளவு நேரம் அப்படித் திரும்பியிருக்கும்? "இறங்குங்கப்பா" என்றேன். "இரு" என்றார். மறுபடியும் மேலிருந்து.

நான் பட்டறைக்காரரைக் கையோடு வெளியே இழுத்துக்கொண்டு போனேன். விஷயத்தை நான்கு வார்த்தையில் சொன்னேன். பாவம், அவர் முகம் வெளிறிவிட்டது.

"அய்யோ, எனக்கு எப்படிம்மா தெரியும்..."

"அதை விடுங்க. இப்ப எனக்கு ஒரு உதவி பண்ணணும். உள்ள போய், ஞாபகம் வந்துடுச்சு, அந்தத் தகட்டுல ஓட்டையே இல்லன்னு சொல்லணும்."

"எனக்கு ஞாபகம் வரலையேம்மா."

"வர வேண்டாம். சொன்னா போதும்."

"பெரிய மனுஷன்கிட்டப் பொய் சொல்லச் சொல்றீங்களே."

"ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்றாங்க. நான் ஒரே ஒரு பொய் கேக்கறேன். அந்த மனுஷன் ஒரு ராத்திரி நிம்மதியா தூங்கட்டும்."

அவர் கைகளைத் துணியில் துடைத்தார். சுத்தமாக இருந்த கைகளையே மறுபடி துடைத்தார். பிறகு உள்ளே போனார். நான் பின்னாலேயே போனேன். லைசென்ஸ் வாங்க மருத்துவச் சான்றிதழில் ஒரு எழுத்தைத் திருத்திய பையனை ஸ்கூலை விட்டே துரத்தியவள் நான். அன்று எனக்குக் கொஞ்சம்கூட உறுத்தவில்லை.

"சார்!" பட்டறைக்காரர் குரல் கொட்டகை முழுக்கக் கேட்டது. நாடகத்தில் ராஜாவுக்குச் செய்தி கொண்டுவரும் சேவகன்கூட அப்படிக் கத்தமாட்டான். "இப்பதான் சார் ஞாபகம் வருது! இந்தத் தகடுதானே? இதுல ஓட்டையே கெடையாது சார். எடுத்தப்பவே நல்லா இருந்துச்சு. இது ஒண்ணுதான் இப்படித் தப்பிச்சிருக்கேன்னு பசங்ககிட்டகூடச் சொன்னேன்."

அப்பா தடவுவதை நிறுத்தினார். மெல்லத் திரும்பி அவரைப் பார்த்தார். பட்டறைக்காரர் அப்பாவைப் பார்க்காமல் தகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா என்னைப் பார்த்தார். நான் மேடையில் நாற்காலி போடுகிறவர்களைப் பார்த்தேன்.

"ஓட்டையே இல்லையா?"

"ஒண்ணுகூட இல்ல சார். என்னை நம்பலாம்."

அப்பா புன்னகைத்தார். கை நீட்டி, பட்டறைக்காரரின் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

"ரொம்ப நல்லா சொன்னீங்க தம்பி. அவங்கம்மாகிட்ட நானும் இப்படித்தான் சொன்னேன்."

பட்டறைக்காரர் பாராட்டு என்று நினைத்துப் பெருமூச்சு விட்டார். நானோ முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்திருக்கிறேன், அதுவும் அந்த வேலையை அறுபது வருடமாகச் செய்துகொண்டிருக்கிற மனிதரிடம்.

"அப்பா..." என்றேன்.

"கையைக் குடு. கால் மரத்துப்போச்சு."

அவரை இறக்கினோம். ஒரு வார்த்தை கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்திருந்தால் தேவலை. கொட்டகையின் நீளத்துக்கு நடக்க ஆரம்பித்தார். இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக, நாற்காலி வரிசைகளுக்கு நடுவில் நடந்தார். நான் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் என்னாலும் உட்கார முடியவில்லை. எழுந்து நானும் நடந்தேன்.

மாலையில் ஆட்கள் வந்தார்கள். பழைய வீரர்களில் வர முடிந்தது மூன்றே பேர். ஒருவர் சக்கர நாற்காலியில் இருந்துகொண்டு, "என்ன வால், இன்னும் ஆடிட்டுத்தான் இருக்கியா?" என்று அப்பாவைக் கேட்டார். இன்னொருவருக்குக் காது சுத்தமாகக் கேட்காது, இயந்திரச் சத்தத்தில் போனது. யார் எது சொன்னாலும் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். பட்டாளத்துக் கேலியும் கிண்டலுமாகச் சிரித்துக்கொண்டார்கள். அப்பாவும் சிரித்தார்.

"பேசும்போது என்ன சொல்லப் போறீங்க?" என்று காதருகில் கேட்டேன்.

"தெரியல. பொய் சொல்லிச் சொல்லித் தளர்ந்துட்டேன். அவகிட்டச் சொல்லிடலாம்னு பாக்கறேன். அந்தப் பொண்ணுக்காவது தெரியட்டும்."

அந்தப் பொண்ணு என்றது சுருட்டையின் தங்கையை. எழுபத்தைந்து வயது. நான் பிறந்ததிலிருந்து எனக்கு அவர் அத்தை. அப்பா அவருக்கு அண்ணன். சொந்த அண்ணன் போன இடத்தில் அந்தக் குடும்பம் அப்பாவைத் தூக்கி வைத்துக்கொண்டது. எங்கள் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் முதலில் வந்து நிற்பவர் அத்தைதான். அம்மாவின் கடைசி நாட்களில் பக்கத்திலேயே இருந்தவரும் அவர்தான்.

அத்தை கைத்தடியோடு வந்தார். நேராக அப்பாவிடம் வந்து, சட்டையின் தோள் மடிப்பை வழக்கம்போல நீவிவிட்டார். "சட்டை சரியா இருக்காண்ணா?" "கச்சிதமா இருக்கும்மா" என்றார் அப்பா. பிறகு அத்தை விமானத்தைப் பார்த்தார். அதுவரை அதன் பக்கம் திரும்பாமலேயே வந்திருக்கிறார் என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது.

"நான் உள்ள பாக்கலாமா?"

பட்டறைக்காரர் ஏணியைப் பிடித்துக்கொண்டார். நான் அத்தையைத் தாங்கி இரண்டு படி ஏற்றினேன். அப்பா கீழே, எங்களுக்கு மிக அருகில் நின்றார். அத்தை முன் இருக்கையை நெடுநேரம் பார்த்தார். பிறகு பின் இருக்கையை எட்டிப் பார்த்தார்.

"இங்கதான் உக்காந்திருந்தீங்களாண்ணா? இத்துனூண்டு இடத்துலயா?"

"ஆமாம்மா."

நடுத்தகட்டின் விளிம்பில் கையை வைத்தார். தையல் ஊசி குத்திக் காய்த்துப்போன விரல்கள். "இதுலதான் தட்டினானா?"

அப்பா நிமிர்ந்து பார்த்தார். மூச்சை இழுத்துக்கொண்டார். சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தடுக்க வேண்டுமா, விட்டுவிட வேண்டுமா என்று எனக்குப் புரியவில்லை. சொன்னால் அவர் பாரம் இறங்கும். இறங்கிய பாரம் எங்கே போய் உட்காரும்?

அதற்குள் அத்தையே பேசினார். எங்கள் யாரையும் பார்க்கவில்லை. காலியாக இருந்த அந்தப் பின் இருக்கையைப் பார்த்துத்தான் சொன்னார்.

"எங்கம்மா சாகற வரைக்கும் இதைத்தான் சொல்லிட்டிருந்தா. போற நேரத்துல அது ஒண்ணாவது அவனுக்கு நிம்மதி. பின்னாடி ஆள் இல்ல, நாம மட்டும்தான்னு தெரிஞ்சு போனான்."

அப்பாவின் வாய் திறந்தபடியே இருந்தது. அத்தை தலையைத் திருப்பினார். "இல்லையாண்ணா?"

அப்பாவின் முகத்தை அந்த வெளிச்சத்தில் அத்தை இன்னும் ஒரு நொடி பார்த்திருந்தால் எல்லாம் தெரிந்திருக்கும்.

"ஆமா அத்தை" என்றேன். "அவருக்கு நல்லாத் தெரியும்."

அத்தை சிரித்துவிட்டார். கண்ணில் தண்ணீரோடு என் கன்னத்தைத் தட்டினார். "நீ அப்ப பொறக்கவே இல்லையேடி. உனக்கு எப்படித் தெரியும்?"

"அப்பா சொன்னாரு."

அத்தை கீழே பார்த்தார். நானும் பார்த்தேன். அப்பா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஆமாம்மா" என்றார். "நான்தான் சொன்னேன்."